நோய் கண்ட பயிரை வீடியோ எடுப்பது எப்படி?

நெற்பயிரைப் புகையான் தாக்கினால் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் மஞ்சளாகி, பின்னர் தீய்ந்தாற்போல் காய்ந்துவிடும். மேலாகப் பார்த்தால் உரப் பற்றாக்குறை போலத் தோன்றும். அப்படி எண்ணி யூரியா இட்டால் புகையான் மேலும் பெருகும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்தாலும் இதே கதிதான். பூச்சிகளோ தூர்களின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடியிருக்கும். ஆலோசனை கேட்டு அனுப்பும் வீடியோவில் அடித்தூர் தெளிவாகத் தெரியாவிட்டால் தவறான முடிவும் வீண் செலவுமே மிஞ்சும்.

கிராமங்களில் கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர்கள் பலரிடம் டி.எஸ்.எல்.ஆர். காமிரா இருக்கிறது. புகைப்படம் எடுப்பதற்கென அமைந்த இவ்வகைக் காமிராவில் வீடியோ வசதி முதன்முதலாக 2008ஆம் ஆண்டு நிக்கான் டி90 என்ற காமிராவில் வந்தது. இதற்காகப் புதிதாகக் காமிரா வாங்க வேண்டியதில்லை. செல்போனும் உதவும். ஆனால் ஒளி, நிறம், ஃபோகஸ் மூன்றையும் கையால் நிலைநிறுத்துவது டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் எளிது.

ஒளி

காமிராவை வீடியோவுக்கும் 'எம்' என்னும் கைமுறை நிலைக்கும் மாற்ற வேண்டும். நொடிக்கு 25 படங்கள், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். அசைவு இயல்பாகத் தெரிய இது ஏற்றது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. ஆகையால், கொட்டகையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்தாலும் இந்த வேகத்தில் படத்தில் பட்டை ஓடாது.

இதன்பின் ஷட்டரைத் தொடாமல், லென்ஸ் துவாரத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் கொண்டே வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். துவாரத்தின் எஃப் எண் கூடினால் துவாரம் சிறுத்து ஒளி குறையும். ஐ.எஸ்.ஓ. கூடினால் படம் வெளிச்சமாகும். அதிகம் கூட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிழலான அடித்தூருக்கு எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400 என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தாலும் துவாரத்தை எஃப் 22 வரை சிறுக்க நேரிடும். படத்தின் கூர்மை கெடும். வெயில் ஏறாத, காற்று ஓய்ந்த காலை வேளையே சிறந்தது.

நிறமும் ஃபோகஸும்

இலையின் நிறத்தை வைத்தே பல குறைகள் அறியப்படுகின்றன. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் எடுக்கும்போதே நிறம் மாறக்கூடும். திறந்த வெளியில் சூரியன் அடையாளமிட்ட நிலையில் வைப்பது நல்லது.

வீடியோ எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இருண்டுவிடும். பின்புறத் திரையையே பார்க்க வேண்டும். திரையில் உருவத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, அதன்பின் பதிவைத் தொடங்க வேண்டும். காமிராவுடன் வரும் 18-55 லென்ஸ்களில் பல, சுமார் 25 செ.மீ.க்கும் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது.

ஆட்டமும் ஒலியும்

முக்காலி இல்லாவிட்டால், கவிழ்த்துவைத்த வாளியின்மேல் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்தலாம். கழுத்து வாரை மாட்டிக்கொள்ளத் தவறக்கூடாது. காமிராவிலுள்ள மைக், காற்றின் இரைச்சலையும் பம்புசெட் ஓசையையும் சேர்த்தே பிடிக்கும். ஆகையால் மோட்டாரை நிறுத்திவிட்டு, காமிராவுக்கு அருகிலிருந்து பேச வேண்டும்.

எடுக்கும் வரிசை

1. வரப்பிலிருந்து வயல் முழுவதும் - 10 நொடி.

2. காய்ந்த வட்டமும் பச்சைப் பயிரும் சந்திக்கும் இடம் - 10 நொடி.

3. அவ்விடத்தில் உள்ள ஒரு குத்தை விரித்து அடித்தூர் - 20 நொடி. குத்தை லேசாகத் தட்டினால் பூச்சிகள் நீரில் விழுவதும் பதிவாகும்.

4. அதே குத்தில் சிலந்தி இருந்தால் அதுவும். சிலந்தி இல்லாதபோது தூருக்கு 1 புகையான் இருந்தாலே மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். எனவே சிலந்தியைக் காட்டும் படம் ஒரு மருந்துச் செலவையே மிச்சப்படுத்தக்கூடும்.

ஒவ்வொரு காட்சியிலும் காமிராவை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ரகம், நட்ட நாள், இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்வது அவசியம்.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். இவ்வாறு எடுத்த ஒரு நிமிட வீடியோவை வேளாண்மை அலுவலருக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பி, பதில் வந்தபின் மருந்துக் கடைக்குச் செல்வதே உழவர்களுக்கு நன்மை தரும்.