மொட்டை மாடி ஹைட்ரோபோனிக்ஸ்: தண்ணீர் சூட்டை எப்படிச் சமாளிப்பது?

வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ்ல பலரும் கடைசியாக யோசிக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி இந்த எபிசோட்ல பேசலாம்: தண்ணீரோட சூடு. பி.எச். பார்க்கிறோம், டி.டி.எஸ். பார்க்கிறோம், ஆனா தொட்டிக்குள்ள தெர்மாமீட்டர் போட்டுப் பார்க்கிறவங்க குறைவு. பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுறது சகஜம். அதனால நமக்கு முதல் கேள்வியே இதுதான்.

அறிகுறி எப்படி இருக்கும்? வேர் தண்ணீர்லதான் இருக்கு, ஆனா இலை வாடுது. உடனே இன்னும் கொஞ்சம் உரக்கரைசல் ஊத்தத் தோணும். அவசரப்படாதீங்க. வெயில் இறங்கின பிறகும் இலை நிமிரலைன்னா, செடியைத் தூக்கி வேரைப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையா இருக்கும். பழுப்பாகி, வழவழன்னு, நாத்தம் அடிச்சா அது வேரழுகல். பித்தியம் என்ற நுண்ணுயிரி இதுக்கு முக்கியக் காரணம்.

இதுல சூட்டுக்கு என்ன பங்கு? 20 டிகிரி தண்ணீர்ல லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிடும். பெரிய இழப்பு மாதிரி தெரியாது. ஆனா 10 டிகிரி சூடு ஏறினா, வேரோட சுவாசத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு கொஞ்சம் குறையுது, செலவு இரட்டிப்பாகுது. இந்தப் பற்றாக்குறையில் வேர் பலவீனமாகும்போதுதான் அழுகல் உள்ளே நுழையுது. லெட்யூஸுக்கான கார்னல் பல்கலைக்கழகக் கையேடு, தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாதுன்னு சொல்லுது. நம்ம மே மாசத்துல அது நடக்காத காரியம். சரி, எது நடக்கும்?

முதல் வேலை, சூட்டை உள்ளே விடாம இருக்கிறது. தொட்டிக்கு நேர் வெயில் படக்கூடாது; மேலே நிழல் வலை கட்டுங்க. சுடுற தளத்துல நேரா வைக்காம, செங்கல் மேல தெர்மாகோல் போட்டு அதுமேல வைங்க. வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட் அடிங்க. தண்ணீர் அளவும் முக்கியம்: 10 லிட்டர் பக்கெட் சீக்கிரம் சூடாகும், 50 லிட்டர் டிரம் மெதுவாத்தான் சூடாகும். குழாய்ல மெல்லிசா தண்ணீர் ஓடுற என்.எஃப்.டி. முறை நம்ம வெயிலுக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா குழாய் முழுக்க வெயில் வாங்குற பரப்புதான். குறையுற தண்ணீரை மாடி டேங்க்ல இருந்து மதியம் பிடிச்சு ஊத்தாதீங்க. விடியற்காலையில், முடிஞ்சா போர்ல இருந்து நேரா பிடிங்க, டி.டி.எஸ். பார்த்துட்டு.

இரண்டாவது, மண்பானை தத்துவம். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். ஏறக்குறைய 5 கிலோ ஐஸ் செய்ற வேலை அது. எல்லா வெப்பமும் தொட்டியில் இருந்தே வராது, சுற்றியிருக்கிற காற்றுல இருந்தும் வரும். அப்படியும் லாபம்தான். பக்கெட்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, காற்றோட்டமான நிழல்ல வைங்க. இல்லைன்னா பெரிய மண்தொட்டிக்குள்ள பக்கெட்டை இறக்கி, இடைவெளியில் ஈரமணல் நிரப்புங்க. உரக்கரைசலை நேரா மண்பானையில் ஊத்தினா வெளிப்பக்கம் உப்பு பூக்கும், அதனால பானை வெளிச்சட்டையாக மட்டும் இருக்கட்டும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கு. பள்ளிப்பட்டுல 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம்னு வெச்சுக்கோங்க. ஆவியாதலால் அதிகபட்சம் 26 டிகிரி பக்கம் வரை இறக்கலாம். கடலோரம் இருக்கிற கும்மிடிப்பூண்டி பக்கம் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னா 30 டிகிரிக்குக் கீழே போகாது. வெயில் அதிகமான நம்ம ஊர்லதான் ஈரச்சாக்கு நல்லா வேலை செய்யும். கடலோரத்துல இருக்கிறவங்க நிழலையும் ஏர் பம்பையும்தான் அதிகம் நம்பணும்.

மூன்றாவது ஐஸ். 20 லிட்டர் கரைசலை 34 டிகிரியில் இருந்து 26-க்கு இறக்க சுமார் 670 கிலோஜூல் வெளியேத்தணும். அதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ ஐஸ் வேணும். ஐஸ் கட்டியை நேரா போட்டா கரைசல் நீர்த்துப் போகும். பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊத்தி உறைய வெச்சு, ஒண்ணொண்ணா இறக்குங்க. தினமும் இதைச் செய்ய முடியாது. ரொம்ப மோசமான நாளுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. வீட்டுக் கீரைக்காக சில்லர் வாங்கினா கரண்ட் பில்லுக்கே கட்டுபடியாகாது.

ஏர் பம்ப் நிற்கக்கூடாது. தண்ணீர் சூடா இருக்கும்போது கரண்ட் போனா, இருக்கிற ஆக்சிஜனை வேர் வேகமா காலி பண்ணிடும். 5 வாட் டி.சி. பம்புக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி போதும். கணக்குல 84 வாட்-அவர். இழப்பு போக 10 மணி நேரமாவது ஓடும்.

கடைசியா, பயிர்த் தேர்வு. மே மாசத்துல லெட்யூஸ் கசக்கும், பூத்தண்டு விட்டுடும். அதை மார்கழிக்கு வெச்சுக்கோங்க. கோடைக்கு வள்ளைக்கீரை, பசலை, தண்டுக்கீரை போடுங்க. சூட்டோட பழகின பயிர்கள் இவை.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அளந்து பாருங்க: காலை 6 மணி, மதியம் 2 மணி, மாலை 5 மணி. காற்று குளிர ஆரம்பிச்ச பிறகும் தண்ணீர் சூடு ஏறிக்கிட்டே இருக்கலாம், அதனால அந்த 5 மணி அளவை விடாதீங்க. தெர்மாமீட்டர் போதும், கோடிங் ஆர்வம் இருந்தா இ.எஸ்.பி.32 போர்டுல வாட்டர்ப்ரூஃப் சென்சார் மாட்டி லாக் எடுக்கலாம். காலையிலேயே 30-ஐத் தாண்டியிருந்தா, முதல்ல தொட்டியோட இடத்தை மாத்துங்க. உங்க ஒரு வார அளவுகளை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்க்கலாம்.