பழ ஈயும் குழந்தைகளின் அரிய மரபணு நோய்களும்

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிறு ஈயை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உடைய இப்பழ ஈ, குழந்தைகளைத் தாக்கும் அரிய மரபணு நோய்களை ஆராய்வதில் இன்று மருத்துவ இயலுக்குப் பெருந்துணை புரிகிறது. இத்துறையின் வளர்ச்சியில் மும்பைக்கும் பங்குண்டு.

ஈயைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

மனித நோய்களுடன் தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கிற்கு இணையானவை ஈயிடமும் உள்ளன. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், முட்டையிலிருந்து முழு ஈ உருவாகச் சுமார் 10 நாட்கள் போதும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் கலந்த உணவைக் குப்பியிலிட்டு, நூற்றுக்கணக்கான ஈக்களைக் குறைந்த செலவில் வளர்க்கலாம். அரிய நோய்க்கு நோயாளிகளும் சிலரே; அவர்களிடம் பலவகைச் சோதனைகளை நடத்த இயலாது. இக்குறையை ஈ ஓரளவு ஈடுசெய்கிறது.

மும்பையின் பங்கு

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1962ஆம் ஆண்டு மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்திகி (1932-2013). வெப்பம் மிகுந்தால் செயலிழந்து விழுந்து, வெப்பம் தணிந்தால் மீண்டெழும் ஈக்களை, அமெரிக்க அறிஞர் சீமோர் பென்சருடன் இணைந்து அவர் ஆராய்ந்தார். அவற்றின் நரம்புச் செயல்பாடு எவ்வாறு தடைபடுகிறது என்பதை இருவரும் 1976இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒருவகை ஈயில் பழுதுற்ற மரபணு, நரம்புச் செல்லுக்குள் சோடியம் அயனிகளை அனுமதிக்கும் வாயிலை உருவாக்குவது என்பது 1989இல் தெளிவாயிற்று.

இவ்வாய்வுகள் எந்தக் குழந்தையின் நோயையும் கருதித் தொடங்கப்பட்டவையல்ல. ஆயினும் 2001இல், இதற்கு இணையான மனித மரபணு ஒன்றின் பழுதே டிராவே நோய்க்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. இந்நோயில், பிறந்த முதல் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலின்போது, வலிப்பு தொடங்குகிறது. பின்னர் மனவளர்ச்சியும் குன்றுகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் இப்பழுது புதிதாகத் தோன்றுவதேயன்றிப் பெற்றோர் வழி வருவதன்று. ஆதலின், தாயையோ குடும்பத்தையோ பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை.

கலிபோர்னிய ஆய்வாளர்கள் இந்நோய்க்குரிய பழுதை ஈயின் மரபணுவில் புகுத்தி, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பம் உயர்ந்ததும் அந்த ஈக்களுக்கும் வலிப்பு கண்டது. மூளையின் மிகைத் துடிப்பை அடக்கும் நரம்புச் செல்களில் சோடியம் ஓட்டம் குறைந்திருந்தது. சோடியம் வாயிலை அடைக்கும் சில வலிப்பு மருந்துகள் இந்நோயை மேலும் கடுமையாக்குவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இத்தகைய ஆய்வுகள் உதவுகின்றன.

எல்லையும் தேவையும்

ஈயின் மூளை குழந்தையின் மூளையாகாது. ஈயிடம் பயன் தரும் மருந்து, பிற விலங்குகளிடமும் பின்னர் மனிதரிடமும் சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்கத்தக்கது.

கண்டறிந்த உண்மை நோயாளியைச் சென்றடைய வேண்டுவதும் இன்றியமையாதது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ், மும்பை பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனை உயர் சிறப்பு மையங்களுள் ஒன்றாகும். கொள்கையில் வகைப்படுத்தப்பட்ட நோய்களுக்கான நிதியுதவியின் உச்சவரம்பு 2022இல் ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆனால், காய்ச்சலில் திரும்பத் திரும்ப வரும் வலிப்பைச் சாதாரணமானதெனக் கருதாமல், குழந்தையை உரிய காலத்தில் அங்கு அனுப்பிவைக்கும் விழிப்புணர்வு முதனிலை மருத்துவ ஊழியரிடம் வேண்டும்.

1976ஆம் ஆண்டின் ஆய்வுக்கும் 2001ஆம் ஆண்டின் கண்டுபிடிப்புக்கும் இடைப்பட்ட காலம் 25 ஆண்டுகள். அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோர், உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது தக்கதொரு சான்றாகும்.