கந்தோரும் இல்லமும்



மாலை வேளையில் கோட்டையிலிருந்து புறப்படும் கரையோரப் புகையிரதம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய நிலையங்களைக் கடந்து கல்கிசையை வந்தடைகின்றது. வழிநெடுக வலப்புறத்தே கடல் தோன்றுகின்றது. ஆயினும், அவ்வண்டியில் வருவோருள் எத்தனை பேர் அதனை ஏறெடுத்துப் பார்க்கின்றனர்? உடல் வீட்டை நோக்கிச் செல்கின்றது. கையிலுள்ள தொலைபேசியின் வழியே உள்ளம் மீண்டும் கந்தோருக்கே போய்விடுகின்றது. தொழிலுக்கு எவ்வளவு, வாழ்வுக்கு எவ்வளவு என்னும் கேள்வியையே இன்று ஆராய விழைகின்றேன்.

இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை கூறியிருக்கின்றது. 1919 ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிற் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மாநாடு, கைத்தொழில் நிலையங்களில் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், உணவு வேளை நீங்கலாக, நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியுமே சாதாரண வேலை நேரம் என விதித்தது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் அளித்தது. உழைப்பவன் இயந்திரம் அல்லன் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டமைக்கு இவை சான்றாகும்.

ஆனால், ஓய்வு நேரத்தை வகுத்துக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு சோதனை இதற்கு விடை தரும். 1966 ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா தினங்களும் அவற்றின் முன்தினங்களும் வார ஓய்வுக்கு உரியனவாயின. சந்திரனின் கணக்குச் சரியாக ஏழு நாளில் அடங்குவதன்று. ஆகவே ஒரு வாரம் ஏழு நாளாகவும், மற்றொரு வாரம் எட்டு நாளாகவும் அமைந்தது. பௌத்த மக்களுக்கு வழிபாட்டு நாளும் ஓய்வு நாளும் ஒன்றாயின. கொட்டாஞ்சேனையிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்கோ ஞாயிறு வேலை நாளாயிற்று. வெளிநாட்டு வர்த்தகத்திலும் இடர்ப்பாடு நேர்ந்தது. 1971 ஆம் ஆண்டில் பழைய வாரமே திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றளவும் விடுமுறையாக நிலைத்திருக்கின்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒருவருக்கு இதமளிக்கும் ஓய்வு மற்றொருவருக்கு இடையூறாகலாம். கல்கிசைக் கடற்கரை விடுதிகளிற் பணிபுரிவோருக்குப் பிறருடைய விடுமுறையே வேலை மிகுந்த நாள். இராக்கடமை முடித்து வரும் தாதிக்குக் காலை வேளையே உறங்கும் வேளை. இவர்களிடம் நாளைச் சரிபாதியாகப் பகுத்துக்கொள்ளுங்கள் என்பது பொருந்தாது. எனவே தமக்குரிய அளவைத் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

தாமே என்னும்போது தனி ஒருவரை மட்டும் நான் கருதவில்லை. கணவன் மேலதிக நேர வேலை செய்து ஈட்டும் பணத்துக்கு வீட்டிலுள்ளோரும் விலை கொடுக்கின்றனர். மனைவியும் உத்தியோகம் பார்ப்பவராயின், கந்தோரிலிருந்து வந்ததும் அடுக்களையில் அவருக்கு இரண்டாவது வேலை தொடங்குகின்றது. அந்த மணித்தியாலங்களை எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை. வீட்டுக்கு வந்தபின் தாம் இளைப்பாறுவதாகக் கூறும் ஒருவர், அந்த இளைப்பாறல் யாருடைய உழைப்பினாற் கிடைத்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

ஆதலின், குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து சிலவற்றைத் தீர்மானிப்பது நன்று. எந்த வேளையில் தொலைபேசியை ஒதுக்கி வைப்பது? எந்த ஒரு வேளை உணவையேனும் எல்லோரும் கூடி உண்பது? வீட்டு வேலையை எவ்வாறு பங்கிடுவது? எவ்வளவு வருமானம் நமக்குப் போதும்? வறுமை காரணமாக இரண்டு வேலை பார்ப்போருக்குக் கடைசிக் கேள்வி எளிதன்று என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டுவது நியாயமான கூலியே.

பிரான்சில் 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியரோடு பேசுதல் வேண்டும் என்னும் விதி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அவ்வாறு கதவைத் திறக்கலாம். அதன் வழியே வீட்டுக்குள் முழுமனத்தோடு நுழைய வேண்டியவர் நாமே.

நாளை மாலை புகையிரதத்தில் வரும்போது, வெள்ளவத்தையைக் கடந்த பின்னராவது தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கடலைச் சிறிது பாருங்கள்.