ஊத்துக்குளியில் அல்பாக்கா வளர்க்கலாமா?

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "ஏனுங்ணா, அல்பாக்கான்னு ஒரு ஆடு இருக்குதாமா. முடி அம்புட்டு மெத்துன்னு இருக்குமாம். பத்து உருப்படி வாங்கிக் கட்டினா, நூல் ஓட்டத் திருப்பூர் பக்கத்துலயே இருக்குதுங்களே?"

எருமைகளை வித்துட்டு, கொறங்காட்டில் ரெண்டு ஏக்கரையும் கொடுத்துடலாம் என்று கணக்கே போட்டு வைத்திருந்தான். வெண்ணெய்க்குப் பேர் போன ஊரில் எருமையை விற்பதா என்று பகீர்னு ஆச்சு. உட்கார்ந்து படித்தேன். எழுதி வைத்த குறிப்புகள் இவை.

முதலில், அல்பாக்கா ஆடு இல்லை, ஒட்டகக் குடும்பம். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில், 3,500 மீட்டருக்கு மேலே, குளிரில் மேய்கிற பிராணி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்த முடியே அதுக்குப் பகை.

அடுத்து, 'மெத்துன்னு' என்றால் என்ன? முடியின் தடிமனை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தாலே தோலில் குத்தும். நல்ல அல்பாக்கா 20 மைக்ரானை ஒட்டி வரும். ஆனால் வயசாக ஆக முடி தடிக்கும். தீனி அதிகமானாலும் தடிக்கும். பட்டினி போட்டால் மெலியும், ஆனால் மெலிந்த இடத்திலேயே இழை அறுந்துவிடும். ஆக, கொழுக்க வைத்தாலும் நஷ்டம், காயப் போட்டாலும் நஷ்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு அல்பாக்காவுக்கு வருஷத்துக்கு ஒரு கத்தரிப்பு, சுமார் ரெண்டு கிலோ. பத்துக்கு இருபது கிலோ. நம்ம ஊர் மில்லுக்கு வருகிற ஒரு பேல் பஞ்சே 170 கிலோ. அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த இருபதிலும் முதுகு, விலாப் பக்கம் மட்டும்தான் முதல் தரம். கால், வயிறு முடி கழிவு மாதிரி. இன்னொன்று: பஞ்சு மில் மெஷின்கள் 30 மில்லிமீட்டர் அளவு இழைக்காகச் செட் பண்ணியவை. ஒரு வருஷ அல்பாக்கா முடி 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வெட்டித்தான் ஓட்ட முடியும். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் மட்டும் எதுவும் ஆகாது.

"அப்ப நம்ம சீமையில யாருமே மெல்லிய கம்பளி பண்ணலீங்களா?" என்றான். பண்ணினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் நாட்டாட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாக்களைச் சேர்த்து உருவானதுதான் நீலகிரி ஆடு. கோயமுத்தூர் ஆட்டு முடி 40 மைக்ரானை ஒட்டியது, கம்பளிப் போர்வைக்குத்தான் ஆகும். நீலகிரி ஆடு சுமார் 27 மைக்ரான். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இதை இன்னமும் காப்பாற்றி வருகிறது.

காப்பாற்ற வேண்டிய நிலை ஏன் வந்தது? முடி நல்ல முடிதான். ஒரு கத்தரிப்புக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். மேய்ச்சல் புல்வெளியைத் தேயிலையும் தைலமரமும் வேலிக்காத்தானைப் போல வளைத்துக்கொண்டன. குளிரும் புல்லும் உள்ள மலையிலேயே கதை இதுதான்.

கீழே சமவெளியில் நம்ம பெரியவர்கள் வேறு வழி போனார்கள். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, குட்டை முடிதான். வெயிலைத் தாங்கும், கறிக்கும் தோலுக்கும் விலை உண்டு. கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று கொறங்காடு மழை பொய்த்தாலும் அதுக்குச் சோறு போடும்.

எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எருமைக்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்கிப் போட்டனுங்ணா" என்றான். நாளைக்கே திருப்பிக் கொடு, காட்டுப் பத்திரத்தை மட்டும் யாருக்கும் காட்டாதே என்றேன். எருமைகள் இன்னும் கட்டுத்தறியில்தான் நிற்கின்றன.