மீல் மேக்கர் ஆண்களின் ஹார்மோனைக் கெடுக்குமா?

நவராத்திரியில் ஸ்ரீரங்கத்துக் கொலு வீடுகளில் தரும் கொண்டைக்கடலைச் சுண்டலை யாரும் சந்தேகிப்பதில்லை. திருச்சி மெஸ் குருமாவில் சோயாவில் செய்த மீல் மேக்கர் தென்பட்டால் மட்டும் சில இளைஞர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஏன்? கடலையில் சொற்பமாக உள்ள ஐசோஃபிளேவோன் என்னும் தாவரச் சேர்மம் சோயாவில் மிக அதிகம். அதன் வடிவமோ பெண்களிடம் மிகுதியாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போன்றது. ஆனால் உருவம் ஒத்தால் வேலையும் ஒக்குமா? பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டில் நுழையலாம், முழுதாகத் திரும்பாது. நம் செல்களில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் பூட்டுகள் இருவகை. ஐசோஃபிளேவோன் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் நாடுகிறது. அங்கேயும் அதன் பிடி ஹார்மோனைவிட வலுக்குறைந்தது.

2008இல் மருத்துவ இதழில் பதிவான 60 வயதுக்காரருக்கு மார்பு வீங்கியதே என்று கேட்பீர்கள். அவர் தினமும் குடித்தது ஏறக்குறைய 3 லிட்டர் சோயா பால்! நிறுத்தியதும் சரியாயிற்று. அதை வைத்து ஒரு கரண்டி குருமாவைக் குற்றம் சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அலசலும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனில் மாற்றம் எதையும் காணவில்லை. உண்மையில் கவனம் வேண்டியது வேறிடத்தில்: தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைச் சோயா தடுக்கக்கூடும். மாத்திரைக்கும் மீல் மேக்கருக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.