வேளாண்மை படித்த பிள்ளைக்கு வேலை: முதல் மூன்று ஆண்டுகளில் செய்ய வேண்டியவை

சிறு விவசாயி ஒருவர் தம் மகனையோ மகளையோ வேளாண்மைப் பட்டயப் படிப்பிலோ பட்டப் படிப்பிலோ சேர்த்துப் படிக்க வைப்பது எளிதான காரியமன்று. பல போகங்களின் வருமானம் அதில் போய்விடுகிறது. படிப்பு முடிந்த கையோடு, "இவ்வளவு கொடுத்தால் அரசாங்க வேலை நிச்சயம்" என்று வீடு தேடி வரும் தரகர்களும் உண்டு. அவர்களை நம்பி நிலத்தையும் நகையையும் அடகு வைத்து, வேலையும் கிடைக்காமல் கொடுத்த பணமும் திரும்பாமல் தவிக்கும் குடும்பங்கள் பல. படிப்பு முடிந்த முதல் மூன்று ஆண்டுகளை முறையாகப் பயன்படுத்தினால் இத்தகைய இழப்புக்கு இடமில்லை. அதற்கான வழிகளைக் காண்போம்.

அரசுப் பணிக்கு ஆகும் உண்மையான செலவு

தமிழ்நாட்டில் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டயமும், வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டமும் தேவை. இரண்டுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது அரசுப் பணியாளர் தேர்வாணையம். இதில் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய். அப்பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி. இவை தவிர, வேறு எவருக்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. 150 ரூபாயில் தொடங்க வேண்டிய காரியத்துக்கு இலட்சங்களைக் கேட்பவர், வேலையை அல்ல, ஏமாற்றத்தையே விற்கிறார்.

நான்காண்டு வேளாண்மைப் பட்டம் பெற்றவர்கள், வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கும் தேர்வு எழுதலாம். இதற்குப் பொதுவான வயது வரம்பு 20 முதல் 30 வரை. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்து வர வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

சும்மா காத்திருத்தல் கூடாது

குறுகிய கால நெல் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும். நாற்றங்காலிலேயே முற்றவிட்டால், நட்டபின் எவ்வளவு உரமிட்டாலும் தூர் குறைந்துவிடும். அரசு அறிவிப்பு வரட்டும் என்று நான்கைந்து ஆண்டுகள் வீட்டிலேயே இருந்துவிடும் இளைஞர் நிலையும் இதுவே. படித்தது மறக்கிறது, அனுபவமும் சேர்வதில்லை. எனவே ஏதேனும் ஒரு பணியில் சேர்ந்து, காலையும் இரவும் தேர்வுக்குப் படிப்பதே நலம்.

விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு மருந்து, சொட்டுநீர்ப் பாசனக் கருவி ஆகியவற்றை விற்கும் கம்பெனிகள் களப்பணிக்கு இளைஞர்களைச் சேர்க்கின்றன. தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஊர் ஊராகச் சென்று பயிரையும் விவசாயியையும் கண்டறியும் பழக்கம் வேறு எங்கும் கிடைக்காது. சேருமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. பணி நியமன உத்தரவு எழுத்து மூலம் தரப்படுமா?

2. பயணப்படி தனியா, சம்பளத்துக்குள் அடங்கியதா? மோட்டார் சைக்கிளில் நாள் முழுவதும் சுற்றும் வேலையில் பெட்ரோல் செலவே சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

3. வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுமா? கம்பெனி மாறினாலும் அதே கணக்கு எண்ணையே தொடர வேண்டும்.

4. மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்ற இலக்கு உண்டா? எட்டாவிட்டால் சம்பளம் குறையுமா?

முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் சேரவே கூடாது. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. பூச்சிக்கொல்லி விற்பனை உரிமம் பெற இப்போது வேளாண்மை அல்லது அதனைச் சார்ந்த அறிவியல் படித்தவர் தேவைப்படுகிறார். இதற்காகக் கடையில் வேலை செய்யாமலே சான்றிதழை மட்டும் கொடுத்து மாதப் பணம் பெறுவது தவறு. கடையில் குற்றம் நேர்ந்தால் படித்த பிள்ளையும் பதில் சொல்ல நேரிடும்.

வீட்டு நிலமே சிறந்த சிபாரிசு

விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பலர், நேர்முகத் தேர்வில் தம் நிலத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகின்றனர். இது வேண்டாத கூச்சம். ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, மேலுரம் எப்போது, ஆட்கூலி எவ்வளவு, எத்தனை மூட்டை கண்டது, என்ன விலைக்குப் போனது என்பனவற்றை இரண்டு போகத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். பணி விண்ணப்பத்தில் இதனை இரண்டு வரியில் குறிப்பிடலாம். கேள்வி கேட்பவர், புத்தகம் படித்தவரையும் பயிர் செய்தவரையும் இதைக்கொண்டே வேறுபடுத்தி அறிவார்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்

இந்நிறுவனங்களுக்கு மேலாளரும் கணக்கரும் தேவை. வேளாண்மைப் பட்டதாரிக்கு முதலாவதும், மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் படித்தவருக்கு இரண்டாவதும் ஏற்றது. 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இவர்கள் சம்பளத்துக்கு முதல் மூன்று ஆண்டுகளே உதவி உண்டு. அதன்பின் நிறுவனத்தின் வியாபாரத்திலிருந்தே சம்பளம் வர வேண்டும். ஆகவே சேருமுன் நிறுவனம் தொடங்கி எத்தனை ஆண்டுகளாயின, ஆண்டு விற்பனை எவ்வளவு என்று விசாரிப்பது அவசியம்.

சொந்தத் தொழில்

சொந்தமாக விதை, உரக்கடையோ மண் பரிசோதனை நிலையமோ வைக்க விரும்புவோருக்கு 2002-ல் தொடங்கப்பட்ட வேளாண் மருத்துவ மையத் திட்டத்தின் கீழ் 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. வங்கிக் கடன் பற்றிய விவரங்களை நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடம் கேட்கலாம். ஆனால் படிப்பு முடிந்தவுடனே கடன் வாங்கிக் கடை வைப்பது ஆபத்து. இரண்டு ஆண்டுகள் பிறர் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, எந்தச் சரக்கு எந்தப் பருவத்தில் போகும், கடன் சொன்னவரிடம் எப்படி வசூலிப்பது என்பதைக் கற்றபின் இறங்குவதே பாதுகாப்பு.

முதல் வேலை கடைசி வேலையன்று. அது சம்பளத்துடன் கிடைக்கும் மற்றொரு படிப்பு. பெற்றோர் அப்படிக் கருதினால், "என் பிள்ளைக்கு இவ்வளவுதானா சம்பளம்" என்ற மனக்குறையும் எழாது. தரகர் பேச்சுக்கு மயங்கி நிலப் பத்திரத்தை எடுத்துக்கொடுக்கும் நிலையும் வராது.