வீட்டு வாத்து நொண்டுதா? முதல்ல பாதத்தைத் திருப்பிப் பாருங்க!

நேற்று வரை தோட்டத்தைச் சுற்றி வந்த வாத்து, இன்று கூண்டைத் திறந்ததும் ஒரு காலை ஊன்றாமல் தத்தித் தத்தி வருகிறது. மஞ்சள் பத்து போடலாமா, வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் மருத்துவர் சொல்லாமல் பறவைக்குக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக் மருந்தால் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-ல் இந்தியா தடை போட்டது.

நாய், கீரி என எல்லாவற்றுக்கும் இரையாகிற பறவை என்பதால் வாத்து வலியை வெளியே காட்டாது. நொண்டுவது கண்ணில் படுகிறது என்றால், பிரச்னை சில நாட்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

எப்படித் தூக்குவது?

வாத்தின் உடல் எடைக்கு அதன் கால் ரொம்பவே மெலிது. சந்தையில் செய்வது போல காலைப் பிடித்துத் தொங்கவிட்டால் சுளுக்கோடு போக வேண்டியது எலும்பு முறிவில் போய் நிற்கும். இரண்டு சிறகையும் உடலோடு அணைத்து, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கணும். பிறகு இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்க. வீக்கம், சூடு, வெட்டுக்காயம், விரலில் இறுகிய நூல்... எது இருந்தாலும் தெரிந்துவிடும்.

பாதத்தில் கறுப்புப் பொருக்கா?

உள்ளங்காலில் வட்டமாகக் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது 'பம்பிள்ஃபுட்' எனப்படும் பாதக் கட்டி. சிமெண்ட் தரை, கல், முள்ளால் ஏற்படும் சிறு காயத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா நுழைவதால் பெரும்பாலும் வருகிறது. உடல் பருத்த வாத்துகளுக்கு ஆபத்து அதிகம்.

இங்கேதான் பலர் பிளேடை எடுக்கிறார்கள். பறவைகளின் சீழ் மனிதர்களுடையது போல வழியாது. பன்னீர்க்கட்டி போல இறுகி உள்ளேயே இருக்கும். அழுத்தினால் வராது, தோண்டினால் தசைநாண், எலும்பு வரை கிருமி போய்விடும். வெறும் சிவப்பு, லேசான வீக்கம் மட்டும்தான் என்றால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவி, தரையைச் சுத்தமாக, மெத்தென்று வைத்தால் குறைய வாய்ப்பு இருக்கு. பொருக்கு கட்டிவிட்டால் மருத்துவர்தான் பார்க்கணும். கையுறை போட்டுக்கோங்க, இந்தக் கிருமி மனிதர்களையும் தொற்றும்.

குஞ்சு நொண்டினால் தீவனத்தைச் சந்தேகப்படுங்க

சில வாரக் குஞ்சு கால் வளைந்து, கணுக்கால் மூட்டு வீங்கி, அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறதா? அடிபட்டது என்று நினைக்கும் முன் என்ன சாப்பிடுகிறது என்று பாருங்க. வாத்துக் குஞ்சின் ஒரு கிலோ தீவனத்தில் நியாசின், அதாவது வைட்டமின் பி3, சுமார் 55 மில்லிகிராம் தேவை. முட்டைக்கோழிக் குஞ்சுக்கு அதில் பாதி போதும். ஆக வெறும் நொய்யும் சோளமும், இல்லைன்னா கோழித் தீவனம் மட்டும் சாப்பிட்டு வளரும் வாத்துக் குஞ்சு பற்றாக்குறையில் விழலாம். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடியைத் தீவனத்தில் கலக்கலாம். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் திரவத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம். சீக்கிரம் கவனித்தால் குஞ்சு எழுந்து நடக்கும். எலும்பு வளைந்தே வளர்ந்துவிட்டால் பிறகு நிமிர்வது கஷ்டம்.

சுளுக்கு மட்டும்தானா?

காயமில்லை, எலும்பு கோணலாக இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் ஓய்வுதான் மருந்து. வைக்கோல் பரப்பிய சிறு இடத்தில் அடைத்து, தீவனத்தையும் தண்ணீரையும் பக்கத்திலேயே வைக்கணும். கிண்ணத்தில் மூக்குத் துளை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். ஆனா தனி அறையில் பூட்டிவிடாதீங்க. கூட்டமாக வாழும் பறவை, துணையைப் பார்க்கவில்லை என்றால் சாப்பாட்டையே விட்டுவிடும். தினமும் 10, 15 நிமிடம் வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டால் எடை தாங்காமல் காலை அசைக்க முடியும். பக்கத்திலேயே நில்லுங்க, பலவீனமான வாத்து மூழ்கவும் செய்யும். கூட்டத்தில் ஆண் வாத்துகள் அதிகம் என்றால், பெட்டை மீது ஏறி மிதிப்பதாலும் இந்தச் சுளுக்கு வரும், பிரித்து வைக்கணும்.

இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் தெரியணும். இல்லையென்றால் கால்நடை மருத்துவமனைதான்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

பெட்டை வாத்து காலை அகட்டி நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம், அன்றைக்கே காட்டணும். இரண்டு காலும் துவண்டு, பிறகு சிறகு, கடைசியில் கழுத்தும் தொங்கினால் அது அழுகிய குட்டைத் தண்ணீரில் உருவாகும் பொட்டுலிசம் நஞ்சாக இருக்கலாம்.

ஒரு வாத்து நொண்டினால் அது வீட்டுப் பிரச்னை. நாலைந்து ஒரே நேரத்தில் தள்ளாடி, கழுத்தைத் திருகி, செத்து விழுந்தால் அது ஊர்ப் பிரச்னை. கேரளாவின் ஆலப்புழா பகுதியில் 2014-லும் 2024-லும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வாத்துப் பண்ணைகளில்தான் உறுதியானது. வெறும் கையால் தொடக்கூடாது, 'சாகிறதுக்குள்ள அறுத்துடலாம்' என்ற யோசனையும் வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லணும். 1962 என்ற உதவி எண்ணிலும் அழைக்கலாம்.

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கோங்க.